வாட்ஸ்அப் குழுவில் 'பணத்தைச் சுருட்டிவிட்டார்' என்று எழுதினால் வழக்குப் போடலாமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் பொருளாளர். பராமரிப்புப் பணத்தை நான் சுருட்டிவிட்டதாக ஒருவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட மறுக்கிறார்கள். மானநஷ்ட வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். போலீஸ் மீது கோபப்படாதீர்கள். அவதூறு, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் அவர்கள் விசாரிக்கக்கூடிய குற்றம் அல்ல. நீங்களே மாஜிஸ்திரேட்டிடம் தனிநபர் புகார் கொடுக்க வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் (ஐ.பி.சி.) 499, 500 பிரிவுகளின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 356-ஆவது பிரிவு இருக்கிறது. தண்டனை இரண்டு ஆண்டு வரை சாதாரண சிறை, அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவையும் இப்போது சேர்ந்திருக்கிறது. புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே எதிர்த்தரப்புக்கும் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்று நடைமுறை மாறிவிட்டதால், வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

நஷ்ட ஈடாகப் பணம் கேட்பது தனி சிவில் வழக்கு. இரண்டையும் சேர்த்தே நடத்தலாம். கிரிமினல் புகாருக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. சிவிலுக்கு ஒரே ஆண்டுதான். பலர் கோட்டை விடுவது இங்கேதான். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். ஒரு கோடி கேட்டால் 3 லட்சம் கட்ட வேண்டும். வீறாப்புக்காகத் தொகையை ஏற்றாதீர்கள்.

இனி உங்கள் வழக்கின் பலவீனம். 'கணக்கு எங்கே?' என்று மட்டும் அவர் கேட்டிருந்தால் அது அவதூறே ஆகாது. சுருட்டிவிட்டார் என்று அடித்துச் சொன்னதுதான் அவருக்குச் சிக்கல். அப்போதும், சங்கத்தின் நலனுக்காக நல்லெண்ணத்தோடு எழுதினேன் என்பார். சட்டத்திலுள்ள பத்து விதிவிலக்குகளில் அதற்கும் இடமிருக்கிறது. அதை உடைக்க உங்கள் ரசீது, வங்கிக் கணக்கு எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். முதலில் ஓர் ஆடிட்டரிடம் கணக்கைக் காட்டி அறிக்கை வாங்குங்கள்.

அந்தக் குழுவிலிருந்து வெளியேறாதீர்கள், பதிவையும் அழிக்காதீர்கள். எழுதியவரின் போன் எண்ணும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதைச் சாட்சியமாகத் தாக்கல் செய்ய, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் வேண்டும். போனை மாற்றிவிடாதீர்கள்.

அப்புறம், 15 நாள் அவகாசம் கொடுத்து வக்கீல் நோட்டீஸ். எழுதிய குழுவிலேயே மறுப்பும் மன்னிப்பும் போடச் சொல்லுங்கள். போட்டுவிட்டால் வழக்கே தேவைப்படாது. போடாவிட்டால் ஆடிட்டர் அறிக்கையோடு கோர்ட்டுக்குப் போங்கள். வழக்கு நடக்கும்போது அவர் இறங்கி வந்தாலும் சமரசமாக முடித்துக்கொள்ளலாம்.