ஏற்காட்டுக் குட்டைக்குக் குளிர் பிளாஸ்மாவா?

வணக்கம்ங்க. நாகலூர்த் தோட்டத்தில் இரண்டு லட்சம் லிட்டர் குட்டை, மேலே பச்சை பெயின்ட் கொட்டியது போலப் படலம், மின்பொறியால் நீரைச் சுத்தம் செய்யும் குளிர் பிளாஸ்மா கருவி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

அது ஏமாற்று வேலை இல்லை. உயர் மின்னழுத்தத்தில் நீரை ஒட்டிப் பொறி விட்டால் ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் போன்ற வீரியமான பொருட்கள் உண்டாகும். அவை பாசியின் செல்லைப் பிய்க்கும், சில நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சையும் உடைக்கும். ஆனால் ஹைட்ராக்சிலுக்குக் கண் சிமிட்டும் நேரம்கூட ஆயுள் இல்லை. பிறந்த இடத்திலேயே தீர்ந்துபோகும். ஆய்வுக்கூடப் பாத்திரத்துக்குச் சரி. உங்கள் குட்டையில் காபிச் சருகு ஊறிய சாயமே அதைத் தின்றுவிடும். அரைகுறையாகச் செய்தால் செல் வெடித்து நச்சு நீரில் கலக்கும். மயில்துத்தம் போட்டாலும் இதே கதைதான்.

முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்த நீரை எடுத்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை மேலே மிதந்து வளையமாக நின்றால் நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். குச்சியில் நூல் நூலாகத் தூக்க வந்தால் பயம் குறைவு. எங்கள் குட்டையில் வளையம்தான் வந்தது. அன்றே மாட்டை அங்கே விடுவதை நிறுத்தினேன். கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு போகாது.

அப்புறம், மழையில் மேட்டிலிருந்து டிஏபி உரம் கரைந்து இறங்கும் வாய்க்காலைத் திருப்பிவிடுங்கள். பாசிக்குச் சோறே அதிலுள்ள பாஸ்பரஸ்தான்.