உரிமையாளரை எதிர்ப்பது கழகத்துக்குத் துரோகமா? மன்செஸ்டருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, திருகோணமலை உப்புவெளியிலிருந்து படிக்க வந்து மூன்று மாதமாகிறது என்றும், சிறுவயது முதல் மன்செஸ்டர் யுனைட்டட் உதைபந்தாட்டக் கழகத்தின் ஆதரவாளர் என்றும், வந்த இடத்தில் அதே கழகத்தின் ரசிகர்கள் கறுப்பு உடை அணிந்து சொந்தக் கழக உரிமையாளர்களுக்கு எதிராகக் கோஷமிடுவதைக் கண்டு குழம்பிப்போனதாகவும் எழுதியிருந்தீர்கள். எதிர்த்தால் துரோகமா, 66 பவுண் கொடுத்து ஒரு போட்டி பார்த்தால் அந்த உரிமையாளர்களுக்குத் துணைபோனதாகுமா, 'இலங்கையிலிருந்து வந்த உனக்கு எங்கள் கழகத்தில் என்ன பேச்சு' என்று வேலையிடத்தில் ஒருவர் கேட்டதற்கு என்ன பதில் சொல்வது என்பவை உங்கள் கேள்விகள். கூடவே, அறையில் தங்கியிருக்கும் லிவர்பூல் ரசிகரோடு பேச்சுவார்த்தை நின்றுபோனதையும் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் 2002 இல் இங்கு வந்தவன். மன்செஸ்டருக்கு வடக்கே, டிராமில் ஏறத்தாழ அரை மணி நேரத் தொலைவிலுள்ள பெரி என்னும் நகரில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

உரிமையாளர் விவகாரத்தின் அடிப்படையை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஊரில் தொலைக்காட்சியில் போட்டி பார்த்த காலத்தில் நானும் இதைப் பற்றி எண்ணிப் பார்த்ததில்லை. 2005 இல் அமெரிக்க வணிகரான மல்கம் கிளேசர் ஏறத்தாழ 790 மில்லியன் பவுணுக்கு யுனைட்டட்டை வாங்கினார். வாங்கியதற்கான பணத்தில் பெரும்பகுதி கடன்; அந்தக் கடனிலும் பெரும்பகுதி, அதுவரை குறிப்பிடத்தக்க கடன் எதுவுமில்லாதிருந்த கழகத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டது. ஒருவர் உங்கள் வீட்டை வாங்குகிறார், ஆனால் வாங்கிய கடனுக்கான வட்டியை அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் நீங்களே கட்டவேண்டும் என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான் நடந்தது. 2012 இல் நியூயோர்க் பங்குச் சந்தையில் பங்குகள் விற்கப்பட்டபோதும், குடும்பத்தின் கையிலுள்ள பங்கு ஒன்றுக்குப் பத்து வாக்கு, வெளியார் வாங்கும் பங்குக்கு ஒரு வாக்கு என்று வகுத்துக்கொண்டார்கள். 2024 இல் சேர் ஜிம் ரட்கிளிஃப் கால்வாசிக்குச் சற்று மேலான பங்கை வாங்கி உதைபந்தாட்ட நிர்வாகத்தைப் பொறுப்பேற்ற பின்னரும் பெரும்பான்மை வாக்கு கிளேசர் குடும்பத்திடமே இருந்தது. நீங்கள் சொல்லும் 66 பவுணும் அதே ஆண்டின் இறுதியில் வந்ததுதான்: அந்தப் பருவத்தில் எஞ்சியிருந்த நுழைவுச்சீட்டுகளைச் சிறுவருக்கும் முதியோருக்கும் கூடச் சலுகையின்றி ஒரே விலையாக்கினார்கள். ஆகவே அந்தக் கறுப்பு உடைக்காரர்களுக்குக் கோபப்படக் காரணம் இருக்கிறது. தோல்விகளும் அந்தக் கோபத்தைக் கூட்டியிருக்கும், மறுக்கவில்லை; ஆனால் கிண்ணங்கள் வந்துகொண்டிருந்த 2010 இலும் பச்சையும் பொன்னிறமுமான கழுத்துச் சால்வைகளை அணிந்துகொண்டு இதே மக்கள் எதிர்த்தார்கள். 1878 இல் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் கழகம் தொடங்கியபோது இருந்த நிறங்கள் அவை.

எனவே எதிர்ப்பது துரோகமன்று. இந்த அளவில் உங்கள் முதலாவது கேள்விக்குப் பதில் எளிது. சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, அதை விளக்க நான் ஊருக்குப் போய்வர வேண்டும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் விளையாடிய கழகம் திருகோணமலை நகரத்துச் சிறிய கழகங்களுள் ஒன்று; பெயர் வேண்டாம். மாதச் சந்தா பத்து ரூபாய், அதையும் பாதிப் பேர் கட்டமாட்டார்கள். ஏகாம்பரம் மைதானத்தில் மாலைப் பயிற்சி முடிந்ததும், இருக்கும் இரண்டு பந்தில் எது காற்றுப் போகாதது என்று பார்த்து அதை மட்டும் செயலாளர் தன் சைக்கிளின் பின்புறத்தில் கட்டிக்கொண்டு போவார். அந்த நிலையில் ஒரு வர்த்தகர் போஷகராக வந்தார். பதினெட்டு ஜேர்சி, புதுப் பந்து, மெக்கெய்சர் மைதானத்தில் சுற்றுப்போட்டிக்குப் போனால் இடைவேளையில் குளிர்பானம் என்று எல்லாம் வந்தன. இரண்டாம் ஆண்டில் ஜேர்சியின் முன்புறத்தில் அவருடைய கடையின் பெயர் பெரிதாகவும் கழகத்தின் பெயர் சட்டைப்பைக்கு மேல் சிறிதாகவும் வந்தது. மூன்றாம் ஆண்டில் தம்முடைய மருமகனை அணித்தலைவராக்க வேண்டும் என்றார். பொதுக்கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து வெளியேறிப் புதுக் கழகம் தொடங்கினோம். மீதிப் பாதி, 'அவர் போனால் பந்து யார் வாங்குவது' என்று அங்கேயே இருந்துவிட்டார்கள். நான் வெளியேறியவர்களுள் ஒருவன், வெளியேறியது சரி என்றே இன்றும் எண்ணுகிறேன். ஆனால் அந்தப் போஷகர் ஒன்றரை வருடத்தில் ஆர்வமிழந்து வேறு தொழில் பார்க்கப் போய்விட்டார். அவர் போன பின்னரும் பத்து ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் பக்கத்தார் வீட்டுக் கலியாணத்துக்கு அவர்கள் வரவில்லை, அவர்கள் வீட்டுச் செத்தவீட்டுக்கு நாங்கள் வாசல்வரை போய்த் திரும்பினோம். கழகத்தைக் கெடுத்தவர் அவர் என்று சொல்லிக்கொண்டிருந்த நாங்கள், அவர் போன பிறகு அதைத் திருத்தவும் ஒன்றுசேரவில்லை.

இங்கு வந்து மூன்றாம் ஆண்டில் அதே காட்சியை ஆங்கிலத்தில் பார்த்தேன். கிளேசர் வாங்கியதைப் பொறுக்காத ரசிகர்கள் 2005 கோடையில் எஃப்.சி. யுனைட்டட் ஒஃப் மன்செஸ்டர் என்று தமக்கெனக் கழகமொன்றைத் தொடங்கினார்கள். உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு, எவ்வளவு பணம் போட்டாலும் ஒரு வாக்குத்தான். பல படிகள் கீழேயுள்ள பிராந்திய லீக்கிலிருந்து ஏறத் தொடங்கி, 2015 இல் மொஸ்டன் பகுதியில் புரோட்ஹேர்ஸ்ட் பார்க் என்ற சொந்த மைதானத்தையே திறந்துவிட்டார்கள். அந்தக் கழகம் தொடங்கிய காலத்தில் நான் இரவு வேலை செய்த களஞ்சியத்தில் ஒரு தாய் வயிற்றுச் சகோதரர் இருவர் இருந்தார்கள். அண்ணன் தன் பருவச் சீட்டைக் கைவிட்டுப் புதுக் கழகத்துக்குப் போனார். தம்பி, 'அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போன மைதானத்தை ஓர் அமெரிக்கனுக்காக நான் ஏன் விடவேண்டும்' என்று யுனைட்டட்டின் மைதானமான ஓல்ட் ட்ரஃபோர்ட்டிலேயே இருந்தார். இடைவேளையில் ஒரே மேசையில் இருந்து ஒரே தேநீர்க் கேத்தலைப் பகிர்ந்துகொண்டு, மற்றவருக்குச் சொல்லவேண்டியதை என்னிடம் சொல்லி அனுப்புவார்கள். இருவருமே அந்த உரிமையாளரை வெறுத்தார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

இனி நான் வாழும் பெரி நகரின் கழகத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1885 இல் தொடங்கி, 1900 இலும் 1903 இலும் இங்கிலாந்தின் தேசியக் கிண்ணமான எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற கழகம் இது. 2018 டிசம்பரில் ஒரேயொரு பவுணுக்குக் கை மாறியது. அடுத்த வசந்தத்தில் அணி ஒரு படி மேலேறியது. ஆனால் வீரர்களின் சம்பளம் வரவில்லை, கடன்களைத் தீர்ப்பதற்குப் பணம் இருக்கிறதென்று காட்டவும் முடியவில்லை. 2019 ஓகஸ்ட் 27 ஆம் திகதி காலையில், விற்பனை முடிந்துவிடும், வார இறுதியில் போட்டி நடக்கும் என்ற நம்பிக்கையில் நூற்றுக்கணக்கானோர் கிக் லேன் மைதானத்தைத் துப்புரவு செய்யப் போனார்கள். நானும் வீட்டுத் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போனேன். எனக்குப் பக்கத்து வரிசையில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா கதிரையொன்றின் இலக்கத்தை மட்டும் ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் இருந்த கதிரையாம். அன்றிரவே கழகத்தை லீக்கிலிருந்து நீக்கிவிட்டதாக அறிவித்தார்கள்.

நான் சொல்ல வந்தது அந்த இரவைப் பற்றியல்ல, அதற்குப் பின்வந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி. ஒரு பகுதி ரசிகர்கள் புதிய கழகம் தொடங்கி, ரட்கிளிஃப் என்ற பக்கத்து ஊர் மைதானத்தை வாடகைக்கு எடுத்து அடிமட்டத்திலிருந்து விளையாடினார்கள். (ஊரின் பெயரும் யுனைட்டட்டின் பங்காளர் பெயரும் ஒன்றாக இருப்பது தற்செயல்.) இன்னொரு பகுதியினர், பழைய கழகத்தின் பெயரும் மைதானமும் மீளவேண்டும் என்று பாடுபட்டு, அரசு உதவியோடு 2022 இல் கிக் லேனை வாங்கிவிட்டார்கள். ஆக ஒரு பக்கத்தில் அணி இருக்கிறது, மைதானம் இல்லை. மறுபக்கத்தில் மைதானம் இருக்கிறது, அணி இல்லை. இரண்டையும் சேர்ப்பதற்கு அதே ஆண்டு வாக்கெடுப்பு வைத்தபோது, இரு தரப்பு ரசிகர் சங்கங்களுள் ஒன்றில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குக் கிடைக்காமல் அது தோற்றது. யார் முதலில் விட்டுப்போனது, யார் கழகம் செத்துப்போயிற்று என்று சொன்னது என்ற கணக்குகள்தான் காரணம். 2023 இல் மறுபடியும் வாக்களித்து இணைந்தார்கள், அந்தக் கோடையிலேயே கிக் லேனில் பந்து உருண்டது. உரிமையாளர் கெடுத்ததில் ஒரு பங்கை அவர்மேல் போட்டாலும், திறந்த மைதானத்தில் புல் வெட்டிக்கொண்டு அணியில்லாமல் காத்திருந்த காலத்தை யார்மேல் போடுவது?

ஒன்றுபட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 2016 பெப்ரவரியில், அதிகூடிய சீட்டு விலையை 77 பவுணாக்கப் போகிறார்கள் என்றதும், லிவர்பூல் ரசிகர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் 77 ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள். இரண்டு கோல் முன்னிலையில் இருந்த அணி சமநிலையில் முடித்தது, சில நாள்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். 2021 ஏப்ரலில் ஆறு பெரிய ஆங்கிலக் கழகங்கள் தனி ஐரோப்பிய லீக்குக்குப் போவதாக அறிவித்தபோது, ஆறின் ரசிகர்களும் ஒரே குரலில் எதிர்த்ததால் இரண்டு மூன்று நாளில் அத்திட்டம் கவிழ்ந்தது. அந்தக் கொதிப்பின் தொடர்ச்சியாக, உரிமையாளர்களைப் பற்றிய சட்டமும் ஒழுங்குபடுத்தும் அமைப்பும் 2025 இல் வந்துவிட்டன. கழகத்தின் சின்னத்தையும் நிறத்தையும் மாற்றுவதென்றால் இனி ரசிகர்களைக் கேட்காமல் முடியாது. யுனைட்டட்டும் லிவர்பூலும் ஒன்றையொன்று எவ்வளவு வெறுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அவர்களே ஒரு பக்கத்தில் நின்றபோது, ஓர் அறையில் சோறு சமைத்துச் சாப்பிடும் நீங்கள் இருவரும் பேசாமலிருப்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது.

'இலங்கையிலிருந்து வந்த உனக்கு என்ன பேச்சு' என்றவருக்கு உடனே பதில் சொல்லத் தேவையில்லை. அவருடைய பேச்சில் இனவெறி இருந்தால் அது வேறு விடயம், மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். ஆனால் பல வேளைகளில் அதற்குள் வேறொரு குறை இருக்கும்: தொலைவிலிருப்போர் வாங்கும் ஜேர்சியையும் தொலைக்காட்சிச் சந்தாவையும் காட்டித்தான் உரிமையாளர்கள் உள்ளூர்க்காரரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாதிருக்கிறார்கள் என்று அவர் நினைக்கிறார். அது முழுப்பொய் அன்று. எனக்கும் இப்படி ஒருவர் சொன்னார். ஆறு மாதம் கழித்து மழையில் ஒரே குடையின் கீழ் நின்று எங்கள் அணி தோற்றதைப் பார்த்தபோது அந்தப் பேச்சு அவர் வாயிலிருந்து மறைந்துவிட்டது.

66 பவுணைப் பற்றி: ஒருமுறை போங்கள், குற்றவுணர்வு வேண்டாம். சனிக்கிழமை இரவு எட்டரைக்கு ஊரில் தொலைக்காட்சிக்கு முன்னால் கண் இமைக்காமல் இருந்தவருக்கு, அந்தப் புல்லை நேரில் பார்க்க உரிமை உண்டு. அதிலும் ஒரு விசித்திரம், இங்கு பிற்பகல் மூன்று மணிக்கு நடக்கும் அதே போட்டியை இந்நாட்டுத் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்க்க முடியாது. சிறிய கழகங்களின் மைதானங்கள் வெறிச்சோடிவிடக் கூடாதென்று சனிக்கிழமைகளில் 2.45 முதல் 5.15 வரை ஒளிபரப்புக்குத் தடை. எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் போவதும் உங்கள் விருப்பம், அது சட்டப்படி சரியானது; ஆனால் யார் கூப்பிட்டாலும் மைதானத்துப் புல்லில் கால் வைக்காதீர்கள். 1991 ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், மாணவர் விசாவில் இருப்பவருக்கு அந்தப் பதிவு வேண்டவே வேண்டாம். முதல் ஆண்டிலேயே இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று முத்திரை குத்திக்கொள்ளவும் வேண்டாம். போட்டிக்குப் போகிறவரையும் போகமாட்டேன் என்று விரதமிருப்பவரையும் புதுக் கழகம் தொடங்கியவரையும் தனித்தனியே உட்கார்ந்து கேளுங்கள். மூவருமே அந்தக் கழகத்தின் ஆட்கள்.

வருகிற சனிக்கிழமை கிக் லேனில் போட்டி இருக்கிறது, சீட்டு என் செலவு. விக்டோரியா நிலையத்தில் பெரிக்குப் போகும் மஞ்சள் டிராமில் ஏறிக் கடைசித் தரிப்பில் இறங்குங்கள், இரண்டு மணிக்கு அங்கே நிற்பேன், நடந்தே போய்விடலாம். காலுறை இரண்டு சோடி போட்டுக்கொள்ளுங்கள், சீமெந்துத் தரையில் குளிர் பாதத்தால்தான் ஏறும். அறையிலுள்ள லிவர்பூல் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், இருவரும் சிவப்பை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும். இங்கே நிறம் வெள்ளையும் நீலமும்.