இசைத்தட்டைக் கண்டுபிடித்தவர் எடிசன்தானே, எமில் பெர்லினர் பெயர் எங்கிருந்து வந்தது?

1877இல் பேச்சைத் தகரத்தாளில் பிடித்து அதையே திரும்பப் பேசவைத்தவர் எடிசன்தான். அந்தப் பெருமையில் யாரும் பங்கு கேட்க முடியாது. ஆனால் அவருடையது உருளை. தாத்தா காலத்துக் கறுப்புத் தட்டு பெர்லினர் போட்ட வழியில் வந்தது.

உருளையின் பெரிய தலைவலி, பிரதி எடுப்பது. ஆரம்ப நாட்களில் நாலைந்து கருவிகளை வரிசையாக வைத்து, பாடகர் அதே பாட்டைத் தொண்டை வறளத் திரும்பத் திரும்பப் பாடுவார். விற்பனை கூடக் கூட அவர் பாடு திண்டாட்டம்தான்.

ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்து, 1870இல் அமெரிக்கா போய், வாஷிங்டனில் துணிக்கடையில் வேலை பார்த்தவர் பெர்லினர். பள்ளிப் படிப்பு பதினாலு வயதோடு சரி. அவர் கண்ட வழி இது: துத்தநாகத் தட்டின் மேல் மெல்லிய தேன்மெழுகுப் பூச்சு. குரலுக்கேற்ப ஊசி பக்கவாட்டில் அசைந்து மெழுகைக் கீறும். பிறகு தட்டை அமிலத்தில் போட்டால் கீறிய கோடு மட்டும் அரிக்கும். அதிலிருந்து ஓர் எதிரச்சு எடுத்துவிட்டால் போதும், வேண்டிய மட்டும் தட்டு அடித்துத் தள்ளலாம். பாடகர் ஒருமுறை பாடிவிட்டு வீட்டுக்குப் போகலாம்!

1888 மே மாதம் பிலடெல்பியாவின் பிராங்க்ளின் நிறுவனத்தில் இதைச் செய்து காட்டினார். அன்றைய உரையிலேயே, தட்டு விற்பனையில் கலைஞர்களுக்கு ராயல்டி கிடைக்கலாம் என்றும் சொன்னார். விற்கத் தட்டே இல்லாத காலத்தில்! என்னைக் கேட்டால், கருவியைவிட இந்த யோசனைக்குத்தான் அவரைக் கும்பிட வேண்டும்.

ஒலித்தரம் மட்டும் மோசம். தொண்டை கட்டி ஜலதோஷமும் பிடித்த கிளி பேசுவதுபோல் இருந்தது என்றாராம் இயந்திரப் பட்டறைக்காரர் எல்ட்ரிட்ஜ் ஜான்சன். தட்டைக் கையால் சுற்றியதால் சுருதியும் நிலைக்காது. சாவி கொடுக்கும் சுருள்வில் மோட்டாரைச் செய்து அந்தக் குறையைத் தீர்த்தவரும் அதே ஜான்சன்தான். முதலில் கடின ரப்பரில் அடித்த தட்டுகளில் கோடு சரியாகப் பதியாததால், 1890களின் பிற்பகுதியில் அரக்குக் கலவைக்கு மாறினார்கள். அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போன சரக்கு.

1910களில் எடிசனே தட்டு விற்க இறங்கினார். பெர்லினரோ, விற்பனைக் கூட்டாளியோடு மூண்ட வழக்கில் 1900இல் தனக்கு எதிராகவே நீதிமன்றத் தடை விழுந்ததால், அமெரிக்காவில் தன் தட்டைத் தானே விற்க முடியாமல் கனடாவின் மாண்ட்ரியலில் தொழிலைத் தொடர்ந்தார்.