வாசகர் கேள்வி பதில்: வார இறுதிச் சந்தை

கேள்வி: திறந்தவெளிச் சந்தையில் சீஸ், இறைச்சி, சமைத்த பண்டம் எல்லாம் வாங்கி வீடு வந்துசேர மதியமாகிவிடுகிறது. சில சமயம் வாடை மாறிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: கோளாறு பெரும்பாலும் வாங்கும் வரிசையில்தான். நுழைந்ததும் சீஸை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் சுற்றினால் எது தாங்கும்? முதல் சுற்றை வெறுங்கையோடு போங்கள். அடுத்து மண்பாண்டம், துணி, மரச்சாமான். பிறகு காய்கனி. குளிரில் இருக்க வேண்டியவை கிளம்பும்போது மட்டும்.

5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்தச் சூட்டில் மொத்தம் 2 மணி நேரம்தான் கெடு. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். கடைக்காரர் மேஜையில் வைத்திருந்த நேரமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதனால் காட்சிக்கு வைத்த தட்டை விட்டுவிட்டு, ஐஸ் பெட்டிக்குள் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வாடையை நம்பவும் வேண்டாம். நோய் தரும் கிருமி பல நேரம் வாடையே காட்டாது. அது விட்டுச்சென்ற நச்சு, திரும்பக் கொதிக்கவைத்தாலும் போகாமல் இருக்கலாம்.

காப்புப் பை குளிரைக் காக்குமே தவிர, உண்டாக்காது. முந்தின இரவே பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி உறையவையுங்கள். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். கழுத்துவரை நிரப்பினால் பாட்டில் வெடிக்கும். ஒன்றை அடியிலும் ஒன்றை மேலேயும் வையுங்கள். குளிர்காற்று கீழே இறங்குவதால் மேல் பாட்டில்தான் அதிகம் உழைக்கும். காலி இடத்தில் துண்டைத் திணியுங்கள். பச்சை இறைச்சி தனி உறையில், எல்லாவற்றுக்கும் கீழே. காரில் போனால் பையை டிக்கியில் வைக்காதீர்கள். ஏசி படும் இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: மண்பாண்டத்தைச் சுண்டிப் பார்த்து வாங்கினால் போதுமா?

பதில்: பாதி வேலை முடியும். உள்ளங்கையில் ஏந்திச் சுண்டுங்கள். மேஜையில் வைத்துத் தட்டினால் நல்ல பாண்டமும் மந்தமாகத்தான் ஒலிக்கும். கணீரென்றால் சரி. 'டொக்' என்றால் மயிரிழை விரிசலோ, சூளையில் வேகாததோ இருக்கும். மிச்சப் பாதி மேலே பூசிய பளபளப்பில். அதில் ஈயம் இருந்தால் புளிப்பான உணவில் கரைந்து இறங்கும், அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. "சாப்பாட்டுக்கு உகந்த பூச்சா, எத்தனை டிகிரியில் சுட்டது?" என்று கேளுங்கள். தன் கையால் செய்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார். தடுமாறினால் அது அலங்காரத்துக்கு மட்டும்.

பூச்சாடி என்றால், வீட்டில் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு செய்தித்தாள்மேல் வையுங்கள். காலையில் தாள் ஈரமாக இருந்தால் சாடி கசிகிறது; முன்பே பார்த்துவிட்டதால் மர மேஜை பிழைத்தது.

கேள்வி: கைச்சாயத் துணி சாயம் போகுமா என்று கடையிலேயே தெரியுமா?

பதில்: தெரியும். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, தையலின் உள்பக்கம் பத்துத் தடவை தேயுங்கள்; முதலில் கடைக்காரரிடம் கேட்டுவிடுவது மரியாதை. இண்டிகோ நீலம் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும், அது அதன் சுபாவம். மற்ற நிறங்கள் தாராளமாக ஒட்டினால் தண்ணீர் தெளியும்வரை தனியே, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டியிருக்கும். உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்பது வெறும் நம்பிக்கை.

கேள்வி: சந்தையில் வாங்கிய தேன் உறைந்துவிட்டது. சர்க்கரைப் பாகு கலந்திருக்குமா?

பதில்: உறைவது கலப்படத்துக்கு அடையாளம் இல்லை, தேனிலுள்ள குளுக்கோஸ் தானாகவே படிகமாகும். பாட்டிலை 40 டிகிரி வெந்நீரில் நிறுத்தினால் இளகிவிடும். தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்ப்பதும் எதையும் நிரூபிக்காது, ஆய்வகம்தான் வழி. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் எந்தத் தேனையும் நாக்கில் தடவாதீர்கள்.