பெஞ்சும் ஒரு நோட்டும்

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளி வாலிபால் கோச் இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். நான்கு வருடம் அவரிடம் இருந்தேன், பெரும்பாலும் பெஞ்சில்தான். "சும்மா உட்காராதே" என்று ஒரு நோட்டைக் கொடுத்து, எதிரணியின் சர்வீஸ் எங்கே விழுகிறது என்று குறிக்கச் சொன்னார். ஒரு மேட்ச்சில் டைம்-அவுட் எடுத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, "நீ சொல்லு, எங்கே போடுறான்?" என்றார். அவருக்கு நன்றி சொல்லி எழுத ஆசை. ஆனால் ஜெயித்துக் கொடுத்தவர்கள் இருக்கும்போது சப்ஸ்டிடியூட் நான் எழுதுவதா? என்னை நினைவிருக்குமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவசியம் எழுதுங்கள். கோப்பை வாங்கித் தருகிறவனைக் கவனித்தால் கோச்சுக்கும் பேர் வரும். பெஞ்சில் இருப்பவனைக் கவனித்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. டைம்-அவுட் மொத்தமே 30 விநாடி. அதில் உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறார்!

அமெரிக்கக் கூடைப்பந்து கோச் ஜான் வுடன் நினைவுக்கு வருகிறார். பல்கலைக்கழக அணிக்கு 12 வருடத்தில் 10 தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அதற்கு முன் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பாடமும் விளையாட்டும் சொல்லிக் கொடுத்தவர். சீசனின் தொடக்கத்தில் அவர் பையன்களுக்குச் சொல்லித் தந்தது சாக்ஸ் போடுவது எப்படி என்று. குதிகாலில் சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது, அவ்வளவுதான் விஷயம். 1974-75 சீசனில் இரண்டு ஆய்வாளர்கள் அவர் பயிற்சியில் உட்கார்ந்து, வாயைத் திறந்து என்ன சொல்கிறார் என்று எண்ணிப் பார்த்தார்கள். முக்கால்வாசி, எதை எப்படிச் செய்வது என்ற விவரம். பாராட்டு நூற்றுக்கு ஏழுகூட இல்லை. மாணவர்களை உற்சாகப்படுத்துவது என்றால் முழங்குகிற பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அதனால் கடிதத்தில் 'வழிகாட்டி', 'கலங்கரை விளக்கம்' எல்லாம் வேண்டாம். பிரிவு உபசார விழாவில் மைக் பிடிக்கிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் நோட்டைப் பற்றி எழுதுங்கள். டைம்-அவுட்டில் அவர் கேட்டதும் என்ன பதில் சொன்னீர்கள், அப்புறம் அடுத்த சர்வீஸ் எங்கே விழுந்தது என்பதையும் எழுதுங்கள். எனக்குக்கூட அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே!

நினைவிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகள்! முகம் மறந்திருக்கலாம். அந்த நோட்டு இன்னும் வீட்டில் எங்காவது கிடந்தால், ஒரு பக்கத்தைப் படம் எடுத்துக் கடிதத்தோடு வையுங்கள்.