நான்கு நோய்க்கும் ஒரே வேரா?

கேள்வி: எனக்கு 58 வயது. சர்க்கரை, பி.பி., மூட்டுத் தேய்மானம் மூன்றும் இருக்கின்றன. இப்போது ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்றும் வந்திருக்கிறது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. பரிசோதனையில் 4.8. "எல்லாமே சாப்பாட்டால் வரும் அழற்சிதான், அதை அடக்கினால் மாத்திரையே வேண்டாம்" என்கிறாள் என் தங்கை. உண்மையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் தங்கை சொல்வது பாதி சரி. மாத்திரை விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

அடிபட்ட விரல் சிவந்து வீங்கும், ஆறியதும் அடங்கிவிடும். நீங்கள் கேட்கும் அழற்சி வேறு ரகம். வலிக்காது, வெளியே தெரியாது, வருஷக்கணக்கில் ஓடும். வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்டர்லூகின்-6 போன்ற சமிக்ஞைப் பொருள்களைச் சுரக்கிறது. அதைக் கேட்டுத்தான் கல்லீரல் சி.ஆர்.பி.யை உண்டாக்குகிறது. இதே வகைப் பொருள்கள் இன்சுலினின் வேலையைக் குலைக்கின்றன, ரத்தக்குழாயின் உள்சுவரைக் கெடுக்கின்றன, மூட்டின் குருத்தெலும்பையும் விட்டுவைப்பதில்லை. ஆக, உங்கள் நான்கும் ஒன்றாக வந்தது தற்செயல் இல்லை.

உணவு எவ்வளவு அழற்சியைத் தூண்டும் என்று மதிப்பெண் போட ஓர் அளவுகோலே இருக்கிறது. நார்ச்சத்து, ஒமேகா-3 எல்லாம் அதில் மதிப்பெண்ணைக் குறைக்கும், நிறைவுற்ற கொழுப்பு ஏற்றும். மதிப்பெண் கூடியவர்களிடம் பல நோய்கள் சேர்ந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் உணவு மட்டுமே காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நோயும் சாப்பாட்டை மாற்றும். என்னிடம் வரும் மூட்டுவலிக்காரர்களின் உணவுக் குறிப்பில் மதியத்துக்கு நேராக 'பிஸ்கட்' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். கேட்டால், "அடுப்பு முன்னால நிக்க முடியலைங்க" என்பார்கள். இவர்களுக்கு நான் முதலில் சொல்வது உட்கார்ந்து சமைக்க உயரமான ஸ்டூல். டயட் சார்ட் அப்புறம்தான்.

4.8 என்பது கூடுதல்தான். 3-க்கு மேல் போனாலே இதய நோய் அபாயம் அதிகம் என்று கணக்கு. ஆனால் சளி, ஈறு வீக்கம் இருந்தாலும் இது ஏறும். உடம்பு நன்றாக இருக்கும்போது, இரண்டு வாரம் விட்டு மறுபடி பாருங்கள்.

சாப்பாட்டில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை எடுப்பது என்று யோசியுங்கள். இனிப்பு பானங்கள், பொரித்தவை, பாக்கெட் தீனி இவை போன இடத்தில் பருப்பு வகை, காய்கறி, முழுதானியம் வரட்டும். எடை கூடுதலாக இருந்தால், 80 கிலோவில் 4 கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

ஆனால் பல நோய் இருப்பவர் திடீரென்று எதையும் மாற்றக் கூடாது. சர்க்கரை மாத்திரை சிலவற்றைப் போட்டுக்கொண்டே மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சில பி.பி. மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றும். சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் பொட்டாசியம் உள்ள பழமும் கொட்டைகளும் அளவோடுதான். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பொட்டாசியம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மாத்திரையைக் குறைப்பதை ரிப்போர்ட் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

'அழற்சி நீக்கும்' பவுடர், கேப்சூல் ஏதாவது தங்கை வாங்கித் தந்திருந்தால் அந்த டப்பாவையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். கல்லீரலைக் கெடுப்பவையும் அவற்றில் உண்டு.