கான்டாக்ட்ஸ் கிடைக்குமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரில் இரண்டாம் ஆண்டு இன்ஜினியரிங் படிக்கிறான். 'ஃபிரட்டர்னிட்டி' என்ற மாணவர் சங்கத்தில் சேரப்போகிறானாம். கிரேக்க எழுத்தில் பெயர், தனி வீடு, செமஸ்டருக்கு ஒரு சந்தா. சேர்ந்தால் நல்ல கான்டாக்ட்ஸ் கிடைக்கும், வேலைக்கு உதவும் என்கிறான். இது என்ன, ரவுடிக் கூட்டமா? சந்தா அனுப்பட்டுமா?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: ரவுடி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். அந்த 'கான்டாக்ட்ஸ்'தான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது.

நம் வீடுகளில் எல்.கே.ஜி. சீட்டுக்கு ஒரு கான்டாக்ட். ஆஸ்பத்திரியில் பெட் கிடைக்க ஒருவர், கோயிலில் க்யூ தாண்ட ஒருவர், ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒருவர். பதினெட்டு வருடம் அப்பா போனில் பெயர் தேடுவதைப் பார்த்து வளர்ந்த பையன், வெளிநாடு போனதும் இன்னும் பெரிய போன் புத்தகம் தேடுகிறான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் நம்மேல்தான். பிளஸ் டூ வரை விடுதிப் பள்ளியில் அடைத்து, பக்கத்து பெஞ்சுக்காரனைப் போட்டியாளனாகவே பார்க்கச் சொல்லிக் கொடுத்தோம். கல்லூரியில் மாணவர் தேர்தல் வேண்டாம், வம்பு என்றோம். நாலு பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்து பழகாத பிள்ளைகளை வளர்க்கிறோம் என்று நான் எழுதும்போதெல்லாம் விடுதிப் பள்ளிக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும். இன்னும் எழுதுவேன்.

சரி, உங்கள் மகனின் கணக்கு தப்பா? தப்பில்லை. வடகிழக்கு அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் பழைய மாணவர்களை வைத்துப் பொருளியலாளர்கள் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஃபிரட்டர்னிட்டியில் சேர்ந்த ஆண்களின் பிற்கால வருமானம் ஏறத்தாழ 36 சதவீதம் கூடியதாகவும், மதிப்பெண் சராசரி, நான்கு புள்ளி அளவில், கால் புள்ளி குறைந்ததாகவும் அதில் கண்டார்கள். ஒரே கல்லூரி என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் சீனியர் ஜூனியரைத் தூக்கிவிடும் சங்கிலி அங்கே நிஜம். காசு கட்டிச் சேர்பவன் அதை நம்பித்தான் சேர்கிறான்.

வாழ்க்கையையே மாற்றிய சங்கங்கள் வேறு காரணத்துக்காகப் பிறந்தவை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தார்கள். வெள்ளையர் சங்கங்களில் அவர்களுக்கு இடமில்லை. சிலர் படிப்பைத் தொடரத் திரும்பி வரவேயில்லை. மிஞ்சியவர்கள் படிப்பு வட்டமாகக் கூடி, 1906 டிசம்பரில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவை ஆரம்பித்தார்கள். பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங் அதில் உறுப்பினரானார். உச்ச நீதிமன்ற நீதிபதி தர்குட் மார்ஷலும் உறுப்பினர். வாஷிங்டனில் 2011-இல் திறக்கப்பட்ட கிங் நினைவிடத்துக்கு யோசனை சொல்லி, அதற்காகப் பல ஆண்டுகள் அலைந்ததும் இதே சங்கம்தான். பட்டம் வாங்கிய பிறகும் உறுப்பினராகவே இருப்பார்கள். அறுபது வயதுக்காரரும் கூட்டத்துக்கு வருவார்.

பெண்கள் சங்கத்துக்கு சொராரிட்டி என்று பெயர். 1908-இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் உறுப்பினர்கள், 1935 முதல் சில கோடைகள் மிசிசிப்பி கிராமங்களுக்கு மருத்துவம் செய்யப் போனார்கள். பருத்திப் பண்ணை முதலாளிகள் கூலி ஆட்களை வெளியே விட மறுத்தார்கள். உடனே கார்களில் மருந்தையும் தடுப்பூசியையும் ஏற்றிக்கொண்டு இவர்களே பண்ணைக்குள் போய்விட்டார்கள். கறுப்பினப் பெண்கள், மிசிசிப்பி, 1935. அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

அந்தச் சங்கத்தில்தான் கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படிக்கும்போது சேர்ந்தார். 2020 தேர்தலில் அவருக்காகச் சங்கச் சகோதரிகள் 19 டாலர் 8 சென்ட் என்று கணக்காக நன்கொடை அனுப்பினார்கள். அது சங்கம் பிறந்த ஆண்டு. இதுவும் கான்டாக்ட்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் மிசிசிப்பிப் புழுதி இருக்கிறது.

கமலாவைப் பற்றிப் பேசும் நம்மவர்கள் அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரத்துப் பேனரோடு நின்றுவிடுகிறார்கள். அவருடைய அம்மா சியாமளா 1958-இல் பத்தொன்பது வயதில் தனியாக பெர்க்லி போனவர். அங்கே கறுப்பின மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் உட்கார்ந்து விவாதித்தார். கிரேக்க எழுத்தும் தனி வீடும் இல்லாத கூட்டம் அது. அவர் வாழ்க்கை அங்கேதான் திரும்பியது. கறுப்பினருக்குச் சம உரிமை கேட்ட போராட்டம், திருமணம், மகள்களை வளர்த்த விதம் எல்லாம் அந்த வட்டத்தின் தொடர்ச்சி. இதை எழுத நம் பத்திரிகைகளுக்கு இடமில்லை. பேனர் படத்துக்கு அரைப் பக்கம் இருக்கிறது.

இப்போது ரவுடி விஷயம். அம்மா, இதைக் கவனமாகப் படியுங்கள்.

சேர வருகிறவனைச் சோதிக்கிறோம் என்று குடிக்க வைப்பதும் அடிப்பதும் அங்கே உண்டு. ஹேசிங் என்பார்கள். 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு சங்க வீட்டில், புதிதாகச் சேர்ந்த 19 வயது மாணவனைக் குடிக்க வைத்தார்கள். அவன் படிக்கட்டில் விழுந்தான். கூட இருந்தவர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஏறத்தாழ 12 மணி நேரம் ஆனது. பிழைக்கவில்லை. அதற்கு முன்பு, 2013-இல், நியூயார்க் பரூக் கல்லூரியின் ஆசிய மாணவர் சங்கம் ஒன்று புதியவன் கண்ணைக் கட்டி, முதுகில் பாரம் ஏற்றி, பனிக்குளிரில் தள்ளித் தள்ளிக் கொன்றது. நம்ம ஆளுங்க சங்கம் என்றால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். நான் மேலே புகழ்ந்த கறுப்பினச் சங்கங்களிலும் பையன்கள் செத்திருக்கிறார்கள். 1990-இல் பழைய சோதனை முறையை ஒழிக்கிறோம் என்று அவை அறிவித்தன. அடி ஒளிந்துகொண்டு தொடர்ந்தது.

ராகிங் நமக்குத் தெரியும். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் கொலையான பிறகு இங்கே தனிச் சட்டமே வந்தது. ஹேசிங் அதைவிடச் சிக்கலானது. ராகிங்கில் மாட்டிய பையன் தப்பித்து ஓடப் பார்ப்பான். ஹேசிங்கில் அவனே ஆசைப்பட்டு வாசலில் நிற்கிறான். இன்னும் ஒரு வாரம் தாங்கினால் அண்ணன் தம்பி ஆகிவிடலாம் என்று பல்லைக் கடிக்கிறான். அடித்தவர்களும் போன வருடம் அடிபட்டவர்கள்தான். வெளியே சொல்வது துரோகம் என்று எல்லோருமே நம்புகிறார்கள். அந்த 12 மணி நேரத்துக்குக் காரணம் இந்த நம்பிக்கைதான்.

மகன் சேரட்டுமா என்றால், என் பதில்: விசாரித்துவிட்டுச் சேரட்டும். பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போன பிள்ளைக்கு ஒரு கூட்டம் வேண்டும். காய்ச்சலில் கஞ்சி வைத்துத் தரவும், பரீட்சையில் கோட்டை விட்டால் உட்கார வைத்துச் சொல்லித் தரவும் நாலு பேர் வேண்டும். அவன் ஊரிலேயே 1998-இல் தெற்காசிய மாணவர்கள் டெல்டா எப்சிலான் சை என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். எதில் சேர்ந்தாலும், போன வருடம் அந்தச் சங்கம் என்ன வேலை செய்தது என்று கேட்கச் சொல்லுங்கள். பார்ட்டிப் படம் மட்டும் காட்டினால் திரும்பி வந்துவிடட்டும்.

ஹேசிங்கில் பிடிபட்ட சங்கங்களைப் பல்கலைக்கழகங்கள் வெளியிட வேண்டும் என்று 2024 டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. ஆஸ்டின் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் முன்பே அப்படி ஒரு விதி உண்டு. பாதிக்கப்பட்டவனே சம்மதித்தான் என்பது அந்த மாநிலச் சட்டத்தில் தப்பிக்க வழியாகாது. இன்று இரவே மகனை வீடியோ காலில் அழைத்து, அந்தப் பட்டியலைச் சேர்ந்து படியுங்கள். யாராவது மயங்கி விழுந்தால், சங்கம் என்ன சொன்னாலும் முதலில் அங்குள்ள அவசர எண்ணான 911-ஐ அழைப்பேன் என்று அவன் வாயால் சொல்ல வையுங்கள். சந்தாவை அதற்கு அப்புறம் அனுப்பலாம்.